ஈரம் காயாத பாத்திரங்கள்

ஈரம் என்றால் சொட்டச் சொட்ட ஈரமில்லை. எவர்சில்வர் தட்டின் மேல் சில துளிகள், தம்ளரின் விளிம்போரம் கொஞ்சம், இட்லித் தட்டின் முதுகில் கொஞ்சம். துணியால் ஒரு முறை ஒற்றி எடுத்தால் போய்விடும். இதற்காகவா ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று இளவேனில் நினைத்தாள்.

"நான் வச்சா காய்ஞ்சு வருது. அஞ்சலை வச்சா ஈரமா வருது. அவளுக்கு அடுக்கத் தெரியலை, எத்தனை தடவை சொன்னாலும் புரிய மாட்டேங்குது. வேற ஆள் பார்த்துட்டேன். அதுக்கு முன்னாடி மெஷினையும் ஒரு தடவை பார்த்துடலாமேன்னுதான் கூப்பிட்டேன்," என்றாள் சுபத்ரா.

சுபத்ரா கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. மடிப்பாக்கத்தில் நாலாவது மாடி வீடு. கணவருக்குக் கப்பலில் வேலை. அஞ்சலை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். தன்னைப் பற்றிய பேச்சை வேறு யாரையோ பற்றியது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாத்திரம் கழுவும் மெஷின் செய்யும் நீர்மதி நிறுவனத்தில் இளவேனில் சர்வீஸ் பொறியாளர். தொலைபேசியில் தீராத கோளாறுகளுக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள். வெளிநாட்டு மெஷின்கள் நம் அடிப்பிடித்த சட்டியையும் குக்கரின் கழுத்தையும் கண்டால் திணறும். நீர்மதி திணறாது. பல ஊர்களில், பல வீடுகளில், பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே கேமரா வைத்து, கழுவுகிற கைகளை ஒரு வருடம் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட மெஷின் அது. எதை ஊறவைக்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் அதற்கு விதி எழுதித் தரவில்லை. 'நம் வீட்டுக் கைகளிடம் கற்றது' என்றுதான் விளம்பரம்.

குனிந்து பார்த்தபோது, மெஷினின் காலில் கறுப்புக் கயிற்றில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது.

"நான்தாம்மா கட்னேன்," என்றாள் அஞ்சலை. "இதுல என்னமோ பூந்துகினு கீது. நேத்து வேலை முடிச்சுட்டு இங்கயே நின்னு பாத்தேன். கழுவிச்சு, ஆவி வந்துச்சு, எல்லாம் அடங்கி சும்மா கெடந்துச்சு. அப்பால ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ்னு மூணு வாட்டி. உள்ள யாரோ குந்திகினு மூச்சு வுடற மாதிரி."

சுபத்ரா சிரித்தாள். இளவேனில் சிரிக்கவில்லை.

வழக்கமாகப் பார்ப்பதை எல்லாம் பார்த்தாள். பாத்திரம் சீக்கிரம் காய ஊற்றும் பளபளப்புத் திரவம் இருந்தது. தண்ணீரை மென்மையாக்கும் உப்பு இருந்தது. ஹீட்டர் நன்றாகச் சுட்டது, ஆவியை வெளியே தள்ளும் விசிறி சுழன்றது, வடிகட்டியில் அடைப்பில்லை. பிளாஸ்டிக் டப்பா சூடு தாங்காது, அது ஈரமாக வந்தால் வியப்பில்லை. ஆனால் இங்கே எவர்சில்வர் ஈரமாக வருகிறது. அஞ்சலையை அடுக்கச் சொல்லி, கால் மணி நேரச் சோதனை ஓட்டத்தில் ஓடவிட்டாள். முடிந்ததும் திறந்து, ஒரு தட்டின் மேல் விரலை வைத்தாள்.

தட்டு சுட்டது. துளி ஜில்லென்றிருந்தது.

காயாமல் தங்கிய தண்ணீர் என்றால் தட்டோடு சேர்ந்து அதுவும் சுட வேண்டும். குழியில், மடிப்பில் தேங்கியிருக்க வேண்டும். இது தட்டின் மேல் பரப்பில், பூத்தூவியது போல உட்கார்ந்திருந்தது. பாத்திரம் முழுக்கக் காய்ந்த பிறகு வந்த தண்ணீர் இது.

"அஞ்சலை சொன்னது சரிதான் மேடம். கடைசியில தண்ணி அடிக்குது."

"எனக்கு மட்டும் ஏன் அடிக்கலை?"

அதே பாத்திரங்களை சுபத்ரா அடுக்கினாள். மூன்று பேரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கழுவியது, ஆவி கிளம்பியது, அடங்கியது. மணி அடித்துக் கதவு தானாக விலகியது. ஒரு சொட்டு இல்லை.

மறுபடி அஞ்சலை. ஆவி அடங்கியது. மணி அடிக்கவில்லை. உள்ளே விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. யோசிப்பது போல ஓர் இடைவெளி. பிறகு மேலேயிருந்த மெல்லிய குழாய் மூன்று முறை தூவியது. அதன் பிறகுதான் மணி.

"கையில ஈரம், எண்ணெய், ஏதாவது இருக்குமா?" என்றாள் சுபத்ரா. இப்போது அவள் பேராசிரியை ஆகிவிட்டிருந்தாள். அஞ்சலைக்கு ரப்பர் கையுறை மாட்டி அடுக்கச் சொன்னாள். தூவியது. சுபத்ரா அதே கையுறையை மாட்டிக்கொண்டு அடுக்கினாள். தூவவில்லை.

"நீங்க வைங்க," என்றாள் இளவேனிலிடம்.

இளவேனில் வைத்தாள். தட்டுகளைச் சாய்த்து, தம்ளர்களைக் கவிழ்த்து, வேகமாக, சத்தமில்லாமல் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆவி அடங்கிய பிறகு அந்த இடைவெளி வந்தது.

ஸ்ஸ். ஸ்ஸ். ஸ்ஸ்.

சுபத்ரா அவளைப் பார்த்தாள். "டீ போடறேன்," என்று எழுந்தாள்.

கிளம்பும்போது அஞ்சலை லிஃப்ட் வரை கூட வந்தாள். "உனக்கும் அடிச்சுதே கண்ணு. உங்கம்மா இன்னா வேலை செய்யறாங்க?"

அலுவலகத்தில் யாருக்கும் இளவேனில் சொன்னதில்லை. யாரும் இப்படி நேராகக் கேட்டதும் இல்லை.

"வூட்டு வேலை," என்றாள். அஞ்சலையின் பேச்சு அவள் வாயில் தானாக வந்தது. "சின்னதுல நானும் கூடப் போவேன்."

அஞ்சலை அவளுடைய கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கையில் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிட்டாள்.

*

திரும்பும் வழியில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மூன்று தூவலை இதற்கு முன் எங்கே பார்த்தோம் என்று அவளுக்குப் பிடிபட்டது.

மந்தைவெளியில் ஒரு வீடு. கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா பூங்காவனம் பாத்திரம் தேய்ப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இளவேனில் அலசிக் கொடுப்பாள். கழுவியதை எல்லாம் ஒரு மூங்கில் கூடையில் கவிழ்த்து வைத்துவிட்டு இருவரும் தள்ளி நிற்பார்கள். வெயிலில் பாத்திரம் காய்ந்துவிடும். அப்புறம் அந்த வீட்டு அம்மாள் ஒரு சொம்போடு வருவார். நல்ல அம்மாள்தான், தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார், இளவேனிலின் மார்க்கை விசாரிப்பார். சொம்பில் விரல் நனைத்துக் கூடையின் மேல் மூன்று முறை தெளிப்பார். தெளித்த பிறகு பாத்திரம் வீட்டுக்குள் போகும். அதன் பிறகுதான் அம்மாவும் மகளும் தங்கள் வீட்டுக்குப் போகலாம்.

அது ஏதோ மந்திரம் என்று குழந்தை இளவேனில் நினைத்திருந்தாள். ஒருநாள் தன் வீட்டில், அம்மா கழுவி வைத்த சோற்றுப் பானையின் மேல் விரல் நனைத்து அதே போலத் தெளித்தாள். பூங்காவனம் அவளை அடித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அம்மா அவளை அடித்ததில்லை. அடித்த கையாலேயே பானையைத் துடைத்து உலை வைத்தாள். ஏன் அடித்தாள் என்று சொல்லவில்லை. வளர்ந்த பிறகு இளவேனில் கேட்கவும் இல்லை, கேட்கத் தேவையிருக்கவில்லை.

*

மெஷினுக்குக் கற்றுக்கொடுத்த குழுவின் தலைவர் ரகுநந்தன். கோபமே வராத மனிதர். அவள் சொல்லச் சொல்லக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

"முகம் எதையும் நாம பதிவு பண்ணலை வேனில். கை மட்டும்தான். வெளியூர்ல ஒரு கம்பெனி உட்கார்ந்து வீடியோ பார்த்து ஒவ்வொரு அசைவுக்கும் பேர் வச்சுது. தேய்ப்பு, அலசல், வடிப்புன்னு. இந்தத் தெளிப்புக்கு 'கடைசி அலசல்'னு வச்சிருப்பாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?"

"எத்தனை வீட்ல இருந்திருந்தா சார் மெஷின் அதைக் கத்துக்கும்?"

ஓர் ஊர், ஒரு தெரு, ஒரு வீடு செய்திருந்தால் மெஷின் அதைத் தற்செயல் என்று விட்டிருக்கும். அது இருவருக்கும் தெரியும்.

"சரி, தெளிக்கக் கத்துக்கிச்சு. யாருக்குத் தெளிக்கணும்னு எப்படிக் கத்துக்கும்? அதுக்கு ஜாதி தெரியாது."

"கை தெரியும் சார், கதவுக்கு மேல கேமரா இருக்கே. வீட்டுக்காரங்க கை தம்ளருக்குள்ள விரலை விட்டுத் தூக்கும், டங்குனு வைக்கும். அடுத்தவங்க வீட்ல கழுவற கை அடியைப் பிடிச்சுத் தூக்கும், சத்தம் வராம வைக்கும். வச்சு முடிச்சதும் ஒரு அடி பின்னால போகும். அதுக்கு அப்பறம் தெளிப்பு வருதுன்னு மெஷின் பார்த்திருக்கு. ஒரு வருஷம் பார்த்திருக்கு."

ரகுநந்தன் நம்பாமல் இல்லை. ஆனால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டுமென்றால் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றார். சோதனைக்கூடத்தில் ஒரு மெஷின் இருந்தது. குழுவில் இருந்த பொறியாளர்கள் வரிசையாக வந்து பாத்திரம் வைத்தார்கள். எல்லோருக்கும் காய்ந்து வந்தது. பக்கத்தில் நின்ற இளைஞன் ஒருவன், "கேன்டீன்ல பாத்திரம் தேய்க்கிற அக்காவைக் கூட்டிட்டு வரட்டுமா சார்?" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"அவங்களைக் கூப்பிட வேண்டாம்," என்றாள் இளவேனில். "நான் வைக்கிறேன்."

வேண்டுமென்றே டங்கென்று வைத்திருக்கலாம். தம்ளருக்குள் விரலை விட்டிருக்கலாம். அப்படிச் செய்ய வேண்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தன் கைக்கு வந்தபடியே வைத்தாள். கதவைச் சாத்தினாள். தன் கால் ஓர் அடி பின்னால் நகர்ந்ததை முதல் முறையாகத் தானே கவனித்தாள்.

ஆவி அடங்கியது. மங்கிய விளக்கில் மெஷின் யோசித்தது. பிறகு, அவளோடு தினமும் சாப்பிடுகிறவர்கள், அவள் திருமணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் வைத்த பாத்திரங்களின் மேல் மூன்று முறை தெளித்தது.

அந்த இளைஞன் தரையைப் பார்த்தான். ரகுநந்தன் போய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார். மெஷின் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது.

*

திருத்தம் செய்வது எளிதாக இருந்தது. காய்ந்த பிறகு மேல் குழாய் திறக்கக் கூடாது என்று ஒரே ஒரு கட்டளை. எல்லா வீட்டு மெஷின்களுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும். அறிவிப்பில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை வந்தது.

"'உலர்த்தும் திறன் மேம்படுத்தப்பட்டது'ன்னு போட்டா போதும்ங்கறாங்க," என்றார் ரகுநந்தன்.

"அஞ்சலை மாதிரி எத்தனை பேரை வேலையை விட்டு நிறுத்தினாங்களோ சார். அடுக்கத் தெரியலைன்னு எத்தனை பேரு திட்டு வாங்கினாங்களோ. அவங்களுக்கு என்ன சொல்றோம்?"

"நம்ம மெஷின் தீண்டாமை பார்த்துதுன்னு அறிவிப்புல போடச் சொல்றியா? கம்பெனி இருக்காது."

"அது வேண்டாம். நடந்தது மெஷின் தப்பு, பாத்திரம் வச்சவங்க தப்பு இல்லைன்னு போடுங்க. அது போதும். அதுவும் முடியாதுன்னா முழுசா நானே வெளியில சொல்லிடுவேன்."

மிரட்டுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. ரகுநந்தன் மேலே போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். அந்த ஒரு வரி அறிவிப்பில் சேர்ந்தது. சுபத்ரா அதைப் படித்துவிட்டு இளவேனிலைக் கூப்பிட்டாள். அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்டதாகவும், அஞ்சலை, "அதுக்கு இன்னாமா," என்றதாகவும் சொன்னாள். "எங்க வீட்ல எங்க அம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

இத்தோடு முடிந்தது என்று இளவேனில் நினைத்தாள்.

திருத்தம் போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. ஈரம் என்று ஒருநாளும் புகார் செய்யாத வீடுகளிலிருந்து வந்தன. மெஷினில் ஏதோ குறைகிறது என்றார்கள். என்ன குறைகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கழுவின மாதிரியே இல்லைங்க," என்றார் ஈரோட்டிலிருந்து ஒருவர்.

"கடைசியில ஒரு சத்தம் வருமே, அது வரலை. அது வராம எடுத்து வைக்க மனசு வரமாட்டேங்குது," என்றாள் நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண்.

"உங்க வீட்ல பாத்திரத்தை மெஷின்ல யாருங்க வைப்பாங்க?" என்று இளவேனில் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "வேலைக்கு ஒரு பொண்ணு வருது. ஏன் கேக்கறீங்க?" என்பார்கள். எல்லாக் குரலிலும் மரியாதை இருந்தது, படிப்பு இருந்தது. ஏன் கேட்கிறாள் என்று உண்மையாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்த மூன்று தூவலுக்கு ஒரு பெயர் இருந்து, கோபம் இருந்து, வெட்கம் இருந்திருந்தால் அதனோடு பேசிப் பார்த்திருக்கலாம். இது பெயரில்லாமல் உள்ளே குடியிருந்தது.

கேட்பவர்களுக்கு மட்டும் அதைத் திரும்பக் கொடுத்துவிடலாம், ஒரு பொத்தான் வைத்துவிடலாம் என்று மேலிடம் யோசித்தது. 'நிறைவுத் துளி' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். இந்த முறை சண்டை போட்டது ரகுநந்தன். பொத்தான் வராது என்று முடிவானது. அதற்கு விலையாக, அந்த அழைப்புகள் அடங்கும் வரை ஒவ்வொன்றுக்கும் இளவேனிலே பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் ஒப்புக்கொண்டாள். மென்மையாகச் சொல்லப் பழகிக்கொண்டாள்: "பாத்திரம் சுத்தமா இருக்குங்க. இனிமே அப்படித்தான் வரும்." சிலர் அதோடு விட்டார்கள். சிலர் வேறு மெஷின் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

ஒரு முற்பகலில் கும்பகோணத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வயதான குரல்.

"வணக்கம்ங்கம்மா. எம்பேரு மாரிக்கண்ணு. இந்தப் பாத்திரங் கழுவுற மிசினுல ஒரு சந்தேகம்."

"கடைசியில தண்ணி தெளிக்கலை. அதானேம்மா?" இளவேனில் அன்றைக்குக் களைத்திருந்தாள். குரலில் இருந்த கடுகடுப்பை மறைக்கவில்லை. "உங்க வீட்ல யாரு பாத்திரம் வைக்கிறா? வேலைக்காரப் பொண்ணா?"

"நாந்தாம்மா."

"வேலைக்கு ஆள் இல்லையா?"

"நாந்தாம்மா அந்த வேல பாத்தவ," என்றது அந்தக் குரல், சங்கடப்படாமல். "நாப்பது அம்பது வருசம் அக்ரகாரத்துல, பெரிய கடைத்தெருவுல, செட்டியார் வீட்டுல எல்லாம் பாத்திரம் தேச்சிருக்கேன். இப்ப எம் மவன் வாத்தியாரா இருக்கான். புது வீடு கட்டி, அம்மா இனிமே கையால தேய்க்கக் கூடாதுன்னுட்டு இத வாங்கிப் போட்டான். நல்லாத்தான் கழுவுது. முடிஞ்சதும் அதுவே தெளிச்சு விட்டுரும். நான் போயி சித்த படுப்பேன். கொஞ்ச நாளா தெளிக்க மாட்டேங்குதும்மா."

"அது... அதை நிறுத்திட்டோம்மா."

"தெளிக்காட்டி எப்புடிங்கம்மா போறது?"

இளவேனில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கம்மா போகணும்?"

"எங்கயும் இல்ல. அந்தாண்ட நவர முடியல. தெளிச்சாத்தான வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம். சரியா இருக்கு, நீ போலாம்னு அர்த்தம். நிக்கிறேன், நிக்கிறேன், கால் கடுக்குது. நேத்து மவன் சாயங்காலம் பள்ளிக்கூடத்துலேருந்து வந்து, ஏம்மா இங்கயே நிக்கிறேங்கறான். அவங்கிட்ட என்னான்னு சொல்றது? சிரிப்பான்."

"இப்ப எங்கம்மா நிக்கிறீங்க?"

"இந்தா, மிசினுக்கு முன்னாடிதான்."

கண்ணாடிக் கதவு, காய்ந்த பாத்திரங்கள், ஓர் அடி தள்ளி நிற்கும் ஒரு பெண். இளவேனிலின் கண்ணில் எல்லாம் தெரிந்தது.

"வேலை முடிஞ்சுதும்மா," என்றாள். "பாத்திரம் எல்லாம் சுத்தமா இருக்கு. நான் சொல்றேன். நீங்க போலாம்."

"நீ சொல்ற தாயி. நீ எங்கயோ இருக்க. வீட்டுக்காரங்கல்ல வந்து தெளிக்கணும்?"

"அது யாரு வீடும்மா?"

எங்கோ ஒரு சைக்கிள் மணி கேட்டது. சுவர்க்கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. அந்தப் பெண் அந்தக் கேள்வியை இதுவரை தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை போலிருந்தது.

"எம் மவன் வீடு," என்றாள் கடைசியில். பிறகு, மெதுவாக, "எங்க வீடுதான்."

"அப்போ உங்களை யாரும்மா தடுக்கறா? போங்கம்மா. போய்ப் படுங்க."

"சித்த இரு தாயி."

தொலைபேசியை எதன் மேலோ வைக்கும் ஓசை. கொலுசில்லாத கால் தரையில் தேய்ந்து போயிற்று. குழாய் திறந்தது, மூடியது. இளவேனில் காதோடு கருவியை அழுத்திக்கொண்டாள். வேண்டாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினாலும் அங்கே கேட்காது. விலகியிருந்த மெஷின் கதவை முழுதாக இழுக்கும் ஓசை வந்தது. பிறகு, சுடுகிற எவர்சில்வரில் தண்ணீர் விழும் மெல்லிய சீற்றம். ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது முறைக்கு முன்னால் ஓர் இடைவெளி. அந்தக் கை காற்றில் நின்றுவிட்டதோ என்று இளவேனில் நினைத்தாள். பிறகு அதுவும் விழுந்தது.

கால்கள் திரும்பி வந்தன.

"ஆச்சும்மா," என்றாள் மாரிக்கண்ணு. குரலில் பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது. "நானே தெளிச்சுட்டேன். இப்ப போறேன்."